தொழிலில் ஈடுபாடு குறைந்துவிட்டது. பிசினஸ் கோச்சிடம் போனால் திரும்ப வருமா?

சொந்தத் தொழில் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன, வருமானத்துக்குக் குறையில்லை, ஆனால் வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒரு பிசினஸ் கோச் என் உண்மையான ஆர்வம் எது என்று கண்டுபிடித்துத் தருவாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தர மாட்டார். தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். நல்ல கோச்சால் ஆகக்கூடிய காரியம் வேறு. உங்கள் வேலையில் எந்தப் பகுதி உங்களைச் சோர்வாக்குகிறது, எதில் இன்னும் பிடிப்பு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவும், அதற்கேற்ப வேலையை மாற்றி அமைக்கவும் உதவுவார். அதில் முதல் பாதியை நீங்களே செலவில்லாமல் செய்துகொள்ளலாம்.

ஆர்வம் எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடி எடுத்தால் போதும் என்ற எண்ணம்தான் பலரைத் தொழில் தொழிலாகத் தாவ வைக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், கிரிகரி வால்டன் மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கருந்துளைகளைப் பற்றிய சுவையான வீடியோவைக் காட்டிவிட்டு, அதே விஷயத்தில் கடினமான கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் மாறாமல் உள்ளுக்குள் அமைந்திருக்கும் ஒன்று என்று நம்பியவர்களுக்குத்தான் கட்டுரையைப் படித்தபின் ஈடுபாடு அதிகமாகச் சரிந்தது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரும் வளர்த்த கோட்பாட்டின்படி ஈடுபாட்டுக்கு மூன்று வேண்டும்: முடிவெடுக்கும் உரிமை, திறமை வளர்கிறது என்ற உணர்வு, மனிதர்களோடு ஒட்டுதல். சொந்தத் தொழில் செய்பவர்களிடம் சத்தமில்லாமல் காணாமல் போவது பெரும்பாலும் இரண்டாவதுதான். தொழிலின் நுணுக்கம் பழகிப்போன பிறகு நாள் முழுக்க வசூல், புகார், ஆள் பிரச்சினை என்றே கழியும். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேளையே வராது.

எனவே முதல் வேலை, இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம், முடித்தபோது மனநிலை எப்படி. மனநிலைக்கு −2 முதல் +2 வரை ஒரு எண் போதும். இரவில் மொத்தமாக உட்கார்ந்து எழுதாதீர்கள். கடைசி ஒரு மணி நேரம் மோசமாகப் போயிருந்தால் நாள் முழுவதும் மோசம் என்று கை தானாக எழுதிவிடும். மதியம், மாலை, கடையடைக்கும்போது என மூன்று தடவையாக எழுதினால் ஓரளவு நம்பலாம். இரண்டாவது வாரம் முடிந்ததும் ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்து மணிக்கணக்கைக் கூட்டுங்கள்.

மரச்சாமான் செய்து விற்கும் ஒருவரின் குறிப்பேடு எப்படி இருக்கும் என்று பாருங்கள். "வடிவமைப்பு, 50 நிமிடம், +2. கொட்டேஷன், 35 நிமிடம், −1. அதே கொட்டேஷனைத் திருத்தியது, 25 நிமிடம், −2. பாக்கி கேட்டுப் போன், 20 நிமிடம், −2." இவருக்கு மரவேலை அலுத்துவிடவில்லை. அளவையும் மரத்தையும் முதலிலேயே தெளிவாகக் கேட்டு வாங்காததால் ஒவ்வொரு கொட்டேஷனையும் பல தடவை திருத்துகிறார். முன்பணம் குறைவாக வாங்குவதால் பாக்கிக்கு அலைகிறார். ஒரு பக்க விவரப் படிவமும், வேலை தொடங்கும் முன் பாதிப் பணம் என்ற விதியும் இவரிடம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும். ஆர்வத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் அவ்வளவு செய்யாது.

பிடிக்காத வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போதுதான் பெரும்பாலும் சொதப்புகிறது. வேலையைக் கொடுத்துவிட்டு முடிவெடுக்கும் உரிமையைக் கையிலேயே வைத்துக்கொள்வார்கள். வேலையை வாங்கியவர் ஒவ்வொன்றுக்கும் வந்து கேட்பார். "இதுக்கு நானே செஞ்சிருக்கலாம்" என்று பிடுங்கிக்கொள்வார்கள். செய்முறையை எழுதிக் கொடுங்கள், ஒரு தடவை நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும், அடுத்த தடவை அவர் செய்வதை நீங்கள் பாருங்கள். எவ்வளவு தொகை வரை கேட்காமலே முடிவெடுக்கலாம் என்று எண்ணாகவே சொல்லிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், மூன்று நான்கு வாரம். பிறகு மூன்று நாள் மட்டும் மறுபடி குறிப்பெடுத்து ஒப்பிடுங்கள். இப்படி மிச்சமாகும் நேரத்தில் வாரம் இரண்டு மணி நேரமாவது உங்கள் திறமையை வளர்க்கும் வேலைக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தையும் வசூலுக்கே விட்டுக்கொடுத்தால் பழைய நிலைக்கே திரும்புவீர்கள்.

இரண்டு விஷயங்களைக் கோச்சிடம் கொண்டுபோகக் கூடாது. தூக்கம் கெட்டு, வீட்டிலும் நண்பர்களிடமும்கூட எதிலும் சந்தோஷமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். விலை நிர்ணயமும் பணப்புழக்கமும்தான் சிக்கல் என்றால் கணக்காளரோ அந்தத் துறை ஆலோசகரோ தேவை. கோச் கேள்வி கேட்பவர். உங்கள் தொழில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இத்தனைக்குப் பிறகும் கோச் வேண்டும் என்றால் சான்றிதழை விசாரியுங்கள். இந்தத் தொழிலுக்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். 1995-ல் தொடங்கிய ஐசிஎஃப் (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்ற சர்வதேச அமைப்பு ஏசிசி, பிசிசி, எம்சிசி என மூன்று நிலைகளில் சான்றளிக்கிறது. கோச்சிங் செய்த அனுபவம் முறையே 100, 500, 2,500 மணி நேரம் இருக்க வேண்டும். சான்றிதழ் மட்டும் போதாது, அது வெறும் முதல் சல்லடை. முதல் சந்திப்பில் கேளுங்கள்: என்னிடம் முன்னேற்றம் தெரிகிறதா என்பதை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? நான் சொல்வது வெளியே போகாது என்று எழுதித் தருவீர்களா? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம்? "இன்று சேர்ந்தால் மட்டும் இந்தக் கட்டணம்", "மூன்று மாதத்தில் வருமானம் இரட்டிப்பு", ஒரு வருடக் கட்டணம் முழுவதும் முன்கூட்டியே, இவற்றில் எதைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், மொத்தம் ஆறு அமர்வு என்று பேசிக்கொள்வது நல்ல அளவு. மூன்றாவது முடிந்ததும் தொடர்வதா என்று முடிவெடுங்கள். பல கோச்சுகள் இலக்கு, இன்றைய நிலை, வழிகள், செய்யப்போவது என்ற நான்கு படி முறையில் போவார்கள். இதில் இன்றைய நிலையை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. குறிப்பேட்டை மேசையில் வைத்து, பாதி நேரமாவது அதிலேயே செலவிடச் சொல்லுங்கள். அமர்வு முடியும்போது என்ன செய்வீர்கள், எந்தத் தேதிக்குள், முடிந்ததை யாரிடம் சொல்வீர்கள் என்ற மூன்றும் உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும். கோச் எழுதி அனுப்பும் சுருக்கத்தைப் பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சிலருக்குக் குறிப்பேட்டில் +1-கூட அபூர்வமாகத்தான் வரும், மாற்றிப் பார்த்த பிறகும் அப்படியே இருக்கும். அப்போது தொழிலை விற்பது, பங்குதாரரிடம் விடுவது, மூடுவது ஆகியவற்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மாதக் கட்டணம் வாங்கும் கோச் இந்தப் பேச்சைத் தானாக எடுப்பது அரிது. நான்காவது அமர்வுக்குள் நீங்களே எடுத்துவிடுங்கள், நிலுவைக் கடன், ஊழியர்களுக்குத் தர வேண்டியது, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கோடு.