கிளிப்பை இறுக்கும் முன் இழுவையை அளந்து பாருங்கள்

கேள்வி: சென்னையிலிருந்து 24 அடி ஃபைபர் படகில் வஞ்சிரத்துக்கும் மயில்மீனுக்கும் ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் போவது) போகிறோம். தூண்டில் நூலைப் படகுக்கு வெளியே தள்ளிப் பிடிக்க, இரண்டு பக்கமும் புதிதாக அவுட்ரிகர் கழி வைத்திருக்கிறோம். கழியில் நூலைப் பிடித்திருந்து, மீன் இழுத்தால் விட வேண்டிய ரிலீஸ் கிளிப், அலை தூக்கிப் போட்டாலே விட்டுவிடுகிறது. இறுக்கினால், கிளிப் மூடியபடியே இருக்க நூல் மட்டும் வழுக்கி லூர் (போலி இரை) பின்னால் போய்விடுகிறது. நூல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்). எந்தக் கிளிப் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கிளிப்பைவிட அதில் மாட்டியிருக்கும் நூல்தான் சிக்கல். பிரெய்டு மெல்லியது, வழவழப்பானது. அதை நேராகக் கிளிப்பில் வைத்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இன்னும் இறுக்கினால் அந்த இடத்தில் இழை அறுபடும்.

செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மெழுகு நூல் ஒரு முழம் வாங்குங்கள். லூரை வேண்டிய தூரத்துக்கு விட்டதும், பிரெய்டின் மேல் அதை நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, சின்னக் கண்ணி ஒன்று விட்டு முடிச்சுப் போடுங்கள். கிளிப்பில் மாட்டுவது அந்தக் கண்ணியைத்தான். மீன் இழுத்ததும் கண்ணி கழன்று, நூலோடு சேர்ந்து ராட் வளையங்களுக்குள் ஓடிவிடும். அடுத்த முறை லூரை எவ்வளவு தூரம் விடுவது என்பதற்கும் அதுவே அடையாளம். ரப்பர் பேண்ட் போடுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் அறுந்த துண்டு கடலில்தான் விழும். எனக்கு அதில் மனமில்லை. நைலான் நரம்பாக இருந்தால் இதெல்லாம் தேவையில்லை. நரம்பை மடக்கி ஐந்தாறு முறுக்கு முறுக்கிக் கிளிப்பில் வைத்தாலே வழுக்காது.

சரி, எவ்வளவு இறுக்குவது? கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். வழக்கமான வேகத்தில் படகு ஓடும்போது, ராட் நுனிக்கு முன்னால் நூலில் போட்ட கண்ணியில் தராசை மாட்டி, அலையில் லூர் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். நூலை மட்டும் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. தராசு ஒன்றரை கிலோ காட்டினால், இரண்டு, இரண்டேகால் கிலோவில் விடும்படி கிளிப்பின் திருகைத் திருப்புங்கள். ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நூல் ஓடாமல் தடுக்கும் பிடி) இதைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். நூலின் பலத்தில் கால் பங்கு என்று வைத்தால், உங்கள் 50 பவுண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோ. கிளிப்பைக் கரையில் சோதிக்கும்போது நூலை நனைத்துக்கொண்டு, கடலில் எந்தக் கோணத்தில் இழுபடுமோ அதே கோணத்தில் இழுங்கள். காய்ந்த நூல் காட்டும் கணக்கு கடலில் செல்லாது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வஞ்சிரத்தையும் மயில்மீனையும் ஒரே மாதிரி மாட்டக் கூடாது. அவுட்ரிகர் கிளிப் விட்டதும் கழிக்கும் ராட் நுனிக்கும் இடையில் இருந்த நூல் தளர்ந்து விழும். மயில்மீன் பெரும்பாலும் முதலில் அலகால் அடித்துவிட்டு அப்புறம்தான் வாயில் வாங்கும். மீனையே இரையாக வைத்துப் படகு மெதுவாகப் போகும்போது அந்தத் தளர்வு அதற்குக் கிடைக்கும் அவகாசம். அதனால் அங்கே கிளிப் இலேசாக இருக்கட்டும். வஞ்சிரம் அப்படியில்லை. பாய்ந்து வந்து ஒரே வெட்டு. அந்த நொடியில் நூல் தளர்ந்தால் முள் ஏறாது. வஞ்சிரத்துக்கான லூரை அமரத்தில் (படகின் பின்பக்கத்தில்), தண்ணீருக்கு ஒன்றிரண்டு அடி மேலே பொருத்திய தாழ்வான கிளிப்பில் மாட்டுங்கள். தளர்வு குறையும், காற்றிலும் நூல் அலையாது. லூருக்கு முன்னால் கம்பி லீடர் (நூல் நுனியில் கட்டும் கம்பித் துண்டு) கட்டாயம்.

உயிர் இரை விடுவதானால் மட்டும் உருளை வைத்த கிளிப் வாங்கலாம். ஆஃப்ட்கோவின் ரோலர் ட்ரோலர் அந்த வகைதான். நூல் உருளைமேல் ஓடுவதால், கழற்றாமலேயே இரையை முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

கொடிக்கம்பத்துக் கயிறு போலக் கழியில் ஓடும் கயிற்றோடு கிளிப்பை நேரடியாக முடிச்சுப் போடாமல், நடுவில் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு) வையுங்கள். இல்லாவிட்டால் கயிறு முறுக்கிக்கொண்டு, கிளிப்பைக் கீழே இறக்க முடியாமல் தவிப்பீர்கள். கரைக்கு வந்ததும் கிளிப்பை நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிங்கில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணி கட்டியிருந்த இடத்தில் நூலை விரல் நகத்தால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் அந்த இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு லீடரை மறுபடி கட்டுங்கள்.