கோழிக்கொட்டகைக்குத் தரையும் கூளமும்: கேள்வி பதில்

வீட்டுக்குப் பின்னால் பத்து, பதினைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கேட்டவை இவை.

அண்ணா, புதுசாகக் கொட்டகை போடுகிறேன். சிமெண்ட் தரை அவசியமா?

பத்துக் கோழிக்கு மண்தரையே போதும், மேடாக இருந்தால். சுற்றியுள்ள நிலத்தைவிட ஒரு அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். மண்தரையில் இன்னொரு வம்பு, பெருச்சாளி. வெளியிலிருந்து வளை தோண்டி வந்து ஒரே இரவில் என்னுடைய நாலு குஞ்சுகளைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம்தான் சுவரோரம் ஒரு அடி ஆழத்துக்குக் கம்பிவலை புதைத்தேன். சிமெண்ட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, கழுவவும் சுலபம். ஆனால் வெறும் சிமெண்டில் விட்டால் பாதம் புண்ணாகி வீங்கும். கூளம், அதாவது தரையில் பரப்பும் உமி, கடலைத்தோல் மாதிரியான படுக்கை, போட்டே ஆகவேண்டும்.

எங்கள் பக்கம் (பொள்ளாச்சி) தேங்காய் நார்க்கழிவு ஏராளம். போடலாமா?

போடலாம், காயவைத்து. மில்லிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் லேசில் விடாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், இரண்டு அங்குலம் கிளறினால் கீழே கசகசவென்று இருக்கும். நான் பாதிக்குப் பாதி கடலைத்தோல் கலந்துவிடுவேன்.

உமி ஈரத்தை உறிஞ்சாது என்கிறார்களே?

அதிகம் உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் காற்றுப் புகும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. டெல்டா பக்கம் இருந்தால் வேறு எதையும் தேடவேண்டாம். சின்னக் குஞ்சுகள் மட்டும் தீவனம் என்று நினைத்துக் கொத்தும். அதனால் முதல் சில நாள் உமிமேல் தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். வழவழப்பான தாள் வேண்டாம். வழுக்கி வழுக்கிக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும்.

விடிகாலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. சுண்ணாம்பு தூவட்டுமா அக்கா?

அக்கா இல்லை தம்பி, அண்ணன்தான். அது அம்மோனியா. ஆள் உயரத்திலேயே உங்களுக்குக் கண் எரிந்தால், தரையில் படுத்துக் கிடக்கும் கோழிக்கு எப்படி இருக்கும்? முதலில் ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கி, விரலை விரியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் சரி. தூளாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது.

ஈரம் வருவது பெரும்பாலும் தண்ணீர்க் குடுவையடியில்தான். அதைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். கட்டி தட்டிய இடத்தை மட்டும் வாரி எறிந்து புதுக்கூளம் போடுங்கள். பெரிய கோழிக்கு நாலு முதல் ஆறு அங்குல ஆழம் வேண்டும். மாலையில் ஒரு பிடி கம்புத் தானியத்தை வீசிவிட்டால் கிளறும் வேலையைக் கோழிகளே பார்த்துக்கொள்ளும்.

சுண்ணாம்பு தூவினவுடன் அம்மோனியா இன்னும் கிளம்பும். கோழிகளை வெளியே விட்டு, நீற்றின சுண்ணாம்புத் தூளைத் தூவி, கிளறி, வாடை அடங்கியபின் உள்ளே விடுங்கள். சுட்ட கல் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கோழியின் காலைப் புண்ணாக்கிவிடும்.

ஐந்து வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிகின்றன. கூளத்தால் வருமா?

ரத்தக் கழிச்சலாக இருக்கலாம், அது குடலில் வளரும் ஒரு கிருமியால் வரும் நோய். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சத்தில் வெளியேறும் அந்தக் கிருமியின் முட்டை, கூளத்தில் ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் அடுத்த குஞ்சுக்குத் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மருந்து கொடுக்கும்போதே பழைய கூளத்தை முழுக்க மாற்றுங்கள்.

வைக்கோல்?

முட்டையிடும் கூடைக்கு நல்லது. தரைக்கு வேண்டாம். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், கோழிக்கு மூச்சு திணறும்.

வாரிய கூளத்தை முருங்கைக்குப் போடலாமா?

அப்படியே போட்டால் வேர் கருகும். குவித்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டிவிட்டு, சூடும் வாடையும் போனபின் போடுங்கள். அப்போதும் தண்டை ஒட்டி வேண்டாம், இரண்டு அடி தள்ளி.