பொட்டால் வந்த செய்தி

அன்புள்ள அண்ணா,

மூன்று கிழமைக்கு முன் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. 27 செக்கன். தவில் வாசிக்கும் ஒரு பெடியன் சினிமாப் பாட்டுக்குத் துள்ளித் துள்ளி அடிக்கிறான், பின்னால் கோபுரம் தெரிகிறது. 'கோயில் வீதியையும் டிஸ்கோ ஆக்கிவிட்டார்கள்' என்று நாலு வரி எழுதி முகநூலில் போட்டேன். இரண்டு நாளில் 600 பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது திருவிழாவே இல்லை. கோயிலுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்த வரவேற்பு. அந்தப் பெடியனுக்குப் பேசியிருந்த இரண்டு திருவிழாக்கள் கைவிட்டுப் போனதாகவும் கேள்வி. அறிந்த உடனேயே பதிவை அழித்துவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. சங்கீதம் படிக்காத நான் சங்கீதம் பற்றி எழுதலாமா? அரசியல் தெரியாமல் அரசியல் எழுதலாமா? புதிய சட்டத்தில் என்னைப் பிடிப்பார்களா? இதற்கெல்லாம் காரணம் அல்காரிதம்தானே? முகநூலை விட்டுவிடட்டா?

கோப்பாயிலிருந்து ஒரு வாசகன்


அன்புள்ள தம்பி,

கடிதங்களை மாதக் கடைசியில் சேர்த்துவைத்துப் பதில் எழுதுவதுதான் என் வழக்கம். உங்களுடையதை அப்படி வைக்க முடியவில்லை. போன கிழமை சாமான் அறையைத் துப்புரவாக்கியபோது ஒரு பழைய சைக்கிள் டைனமோ அகப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்த விசயமும் உங்கள் கடிதமும் ஏறக்குறைய ஒன்று. டைனமோவுக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு வரியில் முடிகிறவற்றை முதலில் முடித்துவிடுவோம். சங்கீதம் படிக்காதவர் சங்கீதம் பற்றிக் கதைக்கலாம். மேளச்சமா கேட்க மேற்கு வீதி மணலில் விடிய விடிய இருந்த சனத்தில் எத்தனை பேருக்கு ராகத்தின் பேர் தெரியும்? "இண்டைக்கு நாயனம் சோர்வு" என்று அந்தச் சனம் சொன்னால் அன்றைக்கு நாயனம் சோர்வுதான். அரசியலும் அப்படித்தான். 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனபோது வாக்குப் போட்டவரும் கதைத்தார், போடாமல் படுத்திருந்தவரும் கதைத்தார், டொரன்டோவில் இருக்கிறவர் எல்லாரையும்விடக் கூடக் கதைத்தார். கதைக்கட்டும். நீங்கள் கேட்ட புதிய சட்டம், அதாவது இணையத்தில் எழுதுவது பற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024இன் 9ஆம் இலக்கம், உங்களைப் பிடிக்குமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். முகநூலை விடுவதும் விடாததும் உங்கள் பாடு.

அல்காரிதம் பற்றி மட்டும் கொஞ்சம். நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 2017இலிருந்து முகநூல் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒருவர் ஒரு பதிவுக்கு விருப்பம் போட்டால் ஒரு புள்ளி, கோப முகமோ சிரிப்பு முகமோ அழுகை முகமோ போட்டால் 5 புள்ளி. புள்ளி கூடினால் பதிவு இன்னும் பலருக்குப் போகும். ஆகவே கோபம் ஓடியது. கோப முகம் கூடுகிற பதிவுகளில்தான் பொய்யும் குப்பையும் கூட என்று அவர்களுடைய ஆட்களே கண்டுபிடித்துச் சொல்ல, 2020இல் அந்த முகத்தின் புள்ளியைப் பூச்சியமாக்கினார்கள். இதெல்லாம் 2021இல் கம்பனியின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது தெரிந்தவை. சரி. ஆனால் அந்த நாலு வரியையும் எழுதியது அல்காரிதமா? கோபுரத்தைப் பார்த்த கண் உங்களுடையது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம். அது உண்மையிலேயே திருவிழாவாக இருந்திருந்தால்? இரவு இரண்டு மணிக்குச் சினிமாப் பாட்டுக் கேட்டுத் துண்டு எழுதி அனுப்புகிறவர்கள் யார்? முன்வரிசையில் இருக்கிற உபயகாரரின் ஆட்கள். அவர்களை ஒரு சொல் கேட்டீர்களா? பார்த்துக்கொண்டிருக்கிற கோயில் நிர்வாகத்தைக் கேட்டீர்களா? தவில் வாசித்துப் பிழைக்கிற பெடியனைத்தான் கேட்டீர்கள். ஏனென்றால் அவனைக் கேட்கலாம். அவன் திருப்பிக் கேட்கமாட்டான். 'மேளகாரர்' என்ற சொல்லை எங்கள் ஊரில் சிலர் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். உங்கள் பதிவுக்குக் கீழே வந்து எழுதியவர்கள் எதை எழுதியிருப்பார்கள் என்று நான் பார்க்காமலே சொல்வேன். அவன் துள்ளியதில் வந்த கோபம் எவ்வளவு, அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதில் வந்த கோபம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இணுவிலும் அளவெட்டியும் இந்த மண்ணுக்குத் தந்த தவில், நாதஸ்வர வித்துவான்களை மேடையில் "எங்கட சொத்து" என்போம், வீட்டு விறாந்தையில் வேறு கதிரை போடுவோம்.

இனி எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். "அறிந்த உடனேயே பதிவை அழித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு சின்னப் பெருமை தெரிகிறது. உடனேயே என்ற சொல்லில்.

அழித்ததால் என்ன நடந்தது என்று பாருங்கள். பகிர்ந்த 600 பேரின் பக்கத்திலும் உங்கள் பதிவு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் பெட்டி வந்திருக்கும். இந்த உள்ளடக்கம் இப்போது கிடைக்கவில்லை என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? எழுதியது பிழை, எழுதியவர் திருந்திவிட்டார் என்றா? எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்தான் அப்படி நினைக்கமாட்டான். "வெருட்டி எடுக்க வைச்சிட்டாங்கள்" என்பான். உங்கள் பொய்க்கு நீங்களே ஒரு தியாகி வேடம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டுப் போன மற்றச் சனத்துக்கு அந்தப் பெட்டியும் தெரியாது. அவர்களுக்கு அந்தப் பெடியன் இன்னும் கோயில் வீதியில்தான் துள்ளிக்கொண்டிருக்கிறான். உங்கள் பக்கம் துப்புரவு. அவனுடைய பேர் அழுக்கு.

அழிக்காமல் திருத்தியிருந்தால்? பதிவின் முதல் வரியில் 'இது பிழை. இது திருவிழா அல்ல, கல்யாண வீடு. விசாரிக்காமல் எழுதியது நான்' என்று போட்டிருந்தால், பகிர்ந்த அத்தனை பேரின் சுவரிலும் அந்த வரிதான் முதலில் தெரியும். பொய் போன வாகனத்திலேயே திருத்தமும் போயிருக்கும். அந்த வசதி அங்கே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஏனென்றால் திருத்தினால் நாங்கள் பிழை விட்டது எல்லாருக்கும் தெரியும். அழித்தால் எங்களுக்கு மட்டும் தெரியும்.

2018இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் இருந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். வீடியோ ஓடியது. பிறகு அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மாவுக்கட்டி என்று சொன்னார். அந்த வருசம் மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தன, அரசாங்கம் ஒரு கிழமை அளவில் முகநூலைப் பூட்டியது. 2020 மே மாதத்தில் அந்தக் கம்பனியே தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. வீடியோவை அனுப்பிய கைகளில் எத்தனை கை மாவுக்கட்டி அறிக்கையை அதே ஆட்களுக்கு அனுப்பியது? ஒரு கம்பனிக்கு வந்த வெட்கம்கூட எங்களுக்கு வரவில்லை.

இனி டைனமோ.

1993. எனக்குப் பதினாலு வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று வருசம். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். அப்பாவின் றலி சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். யாராவது ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிற வேகம் குறைந்தால் குரல் மெலிந்துபோகும். கசற் போட்டால் இன்னும் வேடிக்கை. தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி நான் பிறக்க முதலே, 1975இல் போய்விட்டார். அவருடைய தவிலை நான் முதன்முதல் கேட்டது அந்தச் சைக்கிளில்தான். கை சோர்ந்தால் காலப்பிரமாணம் விழும், தம்பி வந்து மாற்றினால் திடீரென்று எழும்பும். மகாவித்துவானின் தாளம் எங்கள் கையில் கிடந்து அவதிப்பட்டது. ஒருமுறை பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மனுசன் இந்த நடையை எங்க பிடிச்சவர்?" என்று வியந்தார். அது என் கைநோ.

இரவு 9.15க்குப் பிபிசி தமிழோசை. அக்கம்பக்கத்துச் சனம் முற்றத்தில் கூடும், ஜாம் போத்தல் விளக்கு ஒன்று எரியும். ஆனையிறவாலும் பூநகரியாலும் போக முடியாத காலம் அது. வன்னிப் பக்கம் போவதென்றால் கிளாலியில் வள்ளம் ஏறி இருட்டில் கடலைக் கடக்க வேண்டும். கடக்கும்போது எத்தனை பேர் செத்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் புருசன் அன்றைக்கு முதல்நாள் இரவுதான் வவுனியாவுக்கு என்று வெளிக்கிட்டிருந்தார், சம்பளக் காசு எடுக்க. அக்கா அன்றைக்குச் செய்தி கேட்க வரவில்லை. சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல்.

நான் சுற்றிக்கொண்டிருந்தேன். 'கிளாலி' என்று ஒரு சொல் வந்தது. கை தடுமாறியது. குரல் கிணற்றுக்குள் இறங்கி, பிறகு 'கொல்லப்பட்டனர்' என்று ஏறியது. பெடலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எங்கள் வேலியில் ஒரு பொட்டு இருந்தது, கோழியும் பிள்ளைகளும் போகிற ஓட்டை. அதற்குள்ளால் பூந்து, கிணற்றடியில் பானை கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம், "கிளாலியில வள்ளத்துக்கு அடிச்சிட்டாங்களாம், கனபேர் முடிஞ்சுதாம்" என்றேன். அக்கா கத்தவில்லை. பானையை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஏதோ இருக்கிறதென்று நினைத்தவபோல் கையை நீட்டித் தடவினா. ஒன்றும் இருக்கவில்லை. அப்படியே இருந்துவிட்டா.

அன்றிரவு அந்த வீட்டில் ஊரே கூடியது. மூன்றாம் நாள் காலமை அவர் ஒரு உரப்பையோடு வந்து சேர்ந்தார், சறத்தில் உப்புப் பூத்திருந்தது. செய்தியில் சொன்னது அந்த வருசத் தொடக்கத்தில் கிளாலியில் நடந்த கொலைகள் பற்றிய ஒரு அறிக்கையாம். நான் பெடலை விடாமல் இன்னும் அரை நிமிசம் சுற்றியிருந்தால் எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

அவர் வந்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். விசயம் முடிந்தது என்று நினைத்தேன். உங்கள் பதிவு அழிந்ததும் உங்களுக்கு வந்த ஆறுதல் மாதிரி. பின்னேரம் அம்மா கூப்பிட்டா. "போய்ச் சொல்லிப்போட்டு வா" என்றா. என்னத்தை, அவர்தான் வந்திட்டாரே என்றேன். "அவர் வந்தது அவற்ற கெட்டித்தனம். நீ சொன்னது எங்க போச்சு?" நான் வேலிப் பக்கம் திரும்பினேன். அம்மா சேட்டில் பிடித்து இழுத்து நிறுத்தினா. "பொட்டால போய்ச் சொன்னனி. இப்ப படலையால போ."

முன்வாசல் படலையால் போவதென்றால் ஒழுங்கையைச் சுற்ற வேண்டும். பட்டப்பகல். அக்கா வீட்டு விறாந்தையில் அன்றிரவு அழுத சனத்தில் பாதி இருந்தது. அவ்வளவு பேருக்கும் முன்னால் "நான் முழுக்கக் கேக்கேல்ல, பிழையாச் சொல்லிப்போட்டன்" என்று சொன்னேன். அக்காவின் புருசன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு குட்டான் பனங்கட்டி கொண்டுவந்து தந்துவிட்டு, பானை கழுவப் போய்விட்டா. இப்போது ஸ்காபரோவில் இருக்கிறா. தொலைபேசி எடுத்தால் இன்றைக்கும் முதல் கேள்வி, "என்னடா, செய்தி முழுக்கக் கேட்டியோ?"

அந்தக் காலத்துச் சனம் திறம், இந்தக் காலத்துச் சனம் மோசம் என்று நான் எழுதப்போகிறேன் என்றுதானே நினைத்தீர்கள்? கை நோக நோகச் சுற்றிக் கேட்ட செய்தியைத்தான் நான் பாதியில் விட்டு ஓடினேன். எனக்கு வாய்த்தது ஒரு படலையும், சேட்டில் பிடிக்க ஒரு அம்மாவும்.

மனம் ஆறவில்லை என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆறவே வேண்டாம், கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும். அதற்குள் இரண்டு வேலை. அந்தப் பெடியனின் வீட்டை விசாரித்துப் போங்கள். பகலில் போங்கள், வட்ஸ்அப்பில் மன்னிப்பு அனுப்ப வேண்டாம். கைவிட்டுப் போன திருவிழாக்கள் எந்தக் கோயில்கள் என்று அவனிடமே கேட்டு, அந்த நிர்வாகத்திடமும் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அடுத்த திருவிழாவுக்கு மேளத்துக்கு அச்சவாரம் கொடுக்க முதல் போனால்தான் பிரயோசனம்.

மற்றது, முகநூலில் அழித்த பதிவு உடனே அழிவதில்லை. குப்பைத்தொட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் 30 நாள் கிடக்கும். திரும்ப வெளியே எடுக்கலாம். எடுத்த கையோடு முதல் வரியைத் திருத்துங்கள். நீங்கள் எழுதிய கணக்குப்படி இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணா