காட்டு முயல் கறியில்தான் சத்து அதிகமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் 20 தாய் முயல்கள் வைத்திருக்கிறேன். கறி வாங்க வருகிறவர்கள், "காட்டு முயலில்தான் சத்து, கூண்டு முயல் பிராய்லர் மாதிரி" என்கிறார்கள். உண்மையா? தீவனத்தை மாற்றினால் அந்தச் சத்து வருமா?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் இரண்டு கறிக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. 100 கிராம் பச்சைக் கறியில் புரதம் காட்டு முயலுக்குச் சுமார் 22 கிராம், வளர்ப்பு முயலுக்கு 20. இது பெரிய வித்தியாசமில்லை. கொழுப்புதான் காட்டு முயலில் 2.3 கிராம், வளர்ப்பில் 5.5 என்று ஏறுகிறது. இரும்புச் சத்து காட்டு முயலில் 3.2 மில்லிகிராம், வளர்ப்பில் 1.6, சரிபாதி. அது அந்த ஊர் முயல், நம் காட்டு முயல் வேறு இனம் என்றாலும் காரணம் ஒன்றுதான். ஓடி ஓடி உழைத்த தசைக்குப் பிராணவாயு அதிகம் தேவை. அதைப் பிடித்து வைக்கும் இரும்பு கலந்த புரதம் கூடக்கூடக் கறி சிவக்கும். உங்கள் முயல் 12 வாரத்தில் இரண்டு கிலோ வந்ததும் அறுக்கப்படுகிறது; கூண்டுக்குள் அது எங்கே ஓடியது? அதனால் கறி வெளுப்பாக இருக்கிறது, மிருதுவாகவும் இருக்கிறது.

தீவனத்தால் இரும்பை ஏற்ற முடியாது, அதை விட்டுவிடுங்கள். கொழுப்பை மாற்றலாம். ஆடு மாடு தின்னும் கொழுப்பை அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பெருமளவு மாற்றிவிடும். முயலுக்கு அந்த வயிறு கிடையாது, தின்ற கொழுப்பின் தன்மை கறியில் அப்படியே தெரியும். பசுந்தீவனம் கூடினால் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கூடும். குதிரைமசால், வேலிமசால், முயல்மசால், அகத்தி எல்லாம் கொடுக்கலாம். வெட்டியவுடன் ஈரத்தோடு போடாமல் நிழலில் வாட வைத்துப் போடுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். சவுண்டலை (சூபாபுல் தழை) மட்டும் அளவோடு நிறுத்துங்கள், மிஞ்சினால் முடி கொட்டும்.

அடுத்த முறை அறுக்கும்போது குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, சுற்றிப் பாருங்கள். வெள்ளைக் கொழுப்பு தடித்து மூடியிருந்தால் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு கலந்தது) அதிகம் என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பசுந்தீவனத்தை ஏற்றுங்கள். எடை வர இன்னும் சில வாரம் பிடிக்கும், அந்தச் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடர்தீவனத்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம்.

பிராய்லர் என்று சொல்கிறவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டியது மருந்துக் கணக்கு. சொறிக்கு ஊசி போட்டாலும் கழிச்சலுக்கு மருந்து கொடுத்தாலும் தேதியை எழுதி வையுங்கள். மருத்துவர் சொல்லும் நாள் கழியும்வரை அந்த முயலை விற்காதீர்கள். காட்டு முயலுக்கு என்ன நோய் இருந்தது, எதை வைத்து அடித்தார்கள், எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஈயக் குண்டு பட்ட கறியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகளும் இருக்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம். வியாபாரத்துக்காக 'காட்டு முயல்' என்று போர்டு வைத்துவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் வேட்டையும் அதன் கறி விற்பனையும் குற்றம். சாம்பல் நிற சின்சில்லா என்ற வளர்ப்பு இனத்தைக் காட்டு முயல் என்று யாரும் நினைத்துவிடலாம்; அதை வளர்க்கிறவர்கள் குட்டி வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆராய்ச்சி மையத்திலும் முயல் வளர்ப்பு உண்டு. வேறு வம்சத்து முயலை வாங்கிப் புதிய இரத்தம் சேர்க்க நினைத்தால் அங்கே கேட்டுப் பாருங்கள்.