இங்கிலாந்தில் ஏ-லெவல் முடித்ததும், பல்கலைக்கழகம் போகாமல் ஆடிட், டாக்ஸ் அப்ரெண்டிஸ்ஷிப்பில் சேர்வது சரியா?

சேரட்டும் என்பதுதான் என் பதில். உங்கள் மகள் லண்டனில் ஏ-லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) படிக்கிறாள், கணக்கில் கெட்டி, அடுத்த வருடம் ஒரு ஆடிட் நிறுவனத்தில் அப்ரெண்டிஸாக (சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே படிப்பவளாக) சேர்ந்து அங்கிருந்தே சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆக ஆசைப்படுகிறாள், டிகிரி இல்லாமல் பின்னால் தவிப்பாளோ என்று உங்களுக்குப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் டிகிரி இல்லை, வேறு சில இடங்கள். அவற்றைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் சென்னையில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் வேலை செய்துகொண்டே கற்கும் பயிற்சி) செய்து சி.ஏ. முடித்தவன். இப்போது லண்டனில் நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தில் டாக்ஸ் பிரிவில் இருக்கிறேன். பதினெட்டு வயதில் சேர்ந்தவர்கள், டிகிரி முடித்துவிட்டுச் சேர்ந்தவர்கள் என்று இரண்டு வகைப் பிள்ளைகளின் வேலையும் என் மேசைக்குத்தான் பார்வைக்கு வருகிறது.

நம்மூரில் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஸில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. 'சி.ஏ. படிக்கிறான்' என்று பெருமையாகத்தான் சொல்வார்கள். அந்த முறையே இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். இங்கிலாந்து, வேல்ஸ் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனம் 1880-இல் அரச சாசனம் பெற்றது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள், பையனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளவே குடும்பம் ஆடிட்டருக்குப் பணம் கட்டும் வழக்கம் இருந்தது. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலின் கதவு திறக்கவில்லை. இன்று சம்பளமும் கொடுத்து, தேர்வுக் கட்டணமும் கட்டி, படிக்க விடுப்பும் தருகிறார்கள். இந்த மாற்றம் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது. வசதி இல்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள் இந்த வழியில் மேலே வருவதை நேரிலேயே பார்க்கிறேன்.

சரி, அமைப்புக்கு வருவோம். ஆடிட், டாக்ஸ் துறையில் இரண்டு படிகள் முக்கியம். லெவல் 4 என்பது டெக்னீஷியன் நிலை. கணக்குப் பக்கம் ஏ.ஏ.டி., டாக்ஸ் பக்கம் ஏ.டி.டி. போன்ற தகுதிகள் இதில் வரும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடியும். லெவல் 7 என்பது தொழில்முறை நிலை. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் தகுதியான ஏ.சி.ஏ., அதைப் போன்ற ஏ.சி.சி.ஏ., டாக்ஸ் ஆலோசகருக்கான சி.டி.ஏ. எல்லாம் இந்தப் படியில்தான். முதுகலைப் பட்டத்துக்குச் சமமான நிலை இது. ஏ.சி.ஏ. என்றால் ஏறத்தாழ 15 தேர்வுகள். டிகிரி முடித்துச் சேர்பவர்கள் மூன்று வருடத்தில் முடிப்பார்கள். பள்ளி முடித்து நேராக வருபவர்களுக்கு நான்கு, ஐந்து வருடம் பிடிக்கும். சில நிறுவனங்கள் முதலில் லெவல் 4, பிறகு லெவல் 7 என்று ஏற்றுவார்கள். சிலர் முதல் நாளே லெவல் 7-இல் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்த இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் இப்போது ரொம்ப முக்கியமாகிவிட்டது. காரணம், பணம் எங்கிருந்து வருகிறது என்பது. ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 0.5 சதவீதத்தை அப்ரெண்டிஸ்ஷிப் லெவி என்று 2017 ஏப்ரலிலிருந்து அரசுக்குக் கட்டுகின்றன. அந்தப் பணத்தைத்தான் பயிற்சிச் செலவுக்கு எடுத்துக்கொள்கின்றன. 2025 முடியும் வரை டிகிரி முடித்து வந்தவர்களையும் இதே பணத்தில் லெவல் 7 படிக்க வைத்தார்கள். 2026 ஜனவரி முதல் இங்கிலாந்தில் அந்த வசதியைச் சுருக்கிவிட்டார்கள். தொடங்கும்போது வயது 16 முதல் 21-க்குள் இருந்தால்தான் லெவல் 7-க்கு அரசு நிதி. அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கும், கல்வி, உடல்நலத் தேவைக்கான சிறப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் மட்டும் 25 வயதுக்குள் என்று விலக்கு உண்டு.

உறவினர்கள் 'முதலில் டிகிரி முடிக்கட்டும், அப்புறம் இதைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு இந்த விதி தெரியாது. டிகிரி முடித்தவர்களை நிறுவனங்கள் இனியும் எடுக்கத்தான் செய்யும், தங்கள் சொந்தப் பணத்தில் படிக்க வைக்கும். ஆனால் அது செலவு என்பதால் எண்ணிக்கையை யோசித்துத்தான் வைப்பார்கள். பதினெட்டு வயதில் சேரும் பிள்ளைக்கு அந்தச் செலவை லெவி ஏற்கிறது. வயது விஷயத்தில் உங்கள் மகளுக்கு இப்போது கையிருப்பு இருக்கிறது. அதை அவள் தெரிந்தே செலவழிக்க வேண்டும். ஒரு வருடம் இடைவெளி எடுத்து, பிறகு லெவல் 4-இல் சேர்ந்து, அதில் ஒரு தேர்வு தள்ளிப்போனால், லெவல் 7 தொடங்கும் நாளில் 22 ஆகிவிடலாம். அதனால் லெவல் 4-இல் சேர்க்கும் நிறுவனமாக இருந்தால், 'லெவல் 7-ஐ எந்த மாதம் தொடங்குவீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா?' என்று நேர்காணலிலேயே கேட்கட்டும். தயங்கத் தேவையில்லை. இப்படிக் கேட்கும் பிள்ளையை எங்கள் அலுவலகத்தில் நல்லவிதமாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

பணக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். 2025-26-இல் இங்கிலாந்தில் கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்டு. மூன்று வருடத்துக்கு 28,000-க்கு மேல். தங்கும் செலவுக்கு வாங்கும் கடன் தனி. அப்ரெண்டிஸ்ஷிப்பில் பயிற்சிச் செலவுக்கென்று பிள்ளையிடமிருந்து ஒரு பவுண்டுகூட வாங்கக் கூடாது என்பது அரசு நிதி விதி. நடுவில் விலகினாலும் அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அப்ரெண்டிஸ்ஷிப் அல்லாத சாதாரணப் பயிற்சி ஒப்பந்தத்தில், தகுதி பெற்ற கொஞ்ச காலத்துக்குள் வேலையை விட்டால் படிப்புச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று பல இடங்களில் ஒரு ஷரத்து இருக்கும். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை, அப்ரெண்டிஸுக்கான சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 8 பவுண்டு. பெரிய, நடுத்தர ஆடிட் நிறுவனங்கள் அதைவிட நன்றாகவே தருகின்றன.

இனி வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெற்றோர் அதிகம் கேட்காத விஷயம் இதுதான், ஆனால் பிள்ளை நிலைப்பாளா இல்லையா என்பதை முடிவு செய்வதும் இதுதான்.

டாக்ஸில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் சில மாதங்களில் நாங்கள் கொடுப்பது ஒரு சிறு கம்பெனியின் கார்ப்பரேஷன் டாக்ஸ் கணக்கு. லாப நட்டக் கணக்கிலிருந்து தேய்மானத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும், வாடிக்கையாளர்களை விருந்துக்கு அழைத்த செலவைக் கூட்ட வேண்டும், பிறகு மூலதனச் சலுகையை (இயந்திரம் போன்ற சொத்துகளுக்குத் தேய்மானத்துக்குப் பதிலாக வரிச் சட்டம் தரும் கழிவை) கழிக்க வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். 'ரிப்பேர்' என்ற தலைப்பில் 14,000 பவுண்டு என்று ஒரு வரி வரும்போதுதான் பாடம் ஆரம்பிக்கிறது. பில்லை வரவழைத்துப் பார்க்க வேண்டும். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றியிருந்தால் அது பழுதுபார்ப்பு, அந்த வருடமே கழித்துக்கொள்ளலாம். பின்பக்கம் ஒரு புது அறையே கட்டிவிட்டுப் பில்லில் 'கூரை வேலை' என்று போட்டிருந்தால் அது மூலதனச் செலவு, அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, அவர் மனம் நோகாமல், ஆனால் விடாமல், என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயதுக்காரரிடம் அப்படிக் கேட்பது முதலில் சிரமமாகத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் பழகிவிடுகிறார்கள். பழகியவர்களின் குரலே மாறியிருக்கும்.

ஆடிட்டில் வேறு மாதிரி. டிசம்பர் 31-இல் கணக்கு முடிக்கும் கம்பெனியில் சரக்கு எண்ணும்போது கூட நிற்க வேண்டும். புத்தாண்டுக்கு முந்தின நாள், வெளியூரில் எங்கோ ஒரு குளிர்ந்த கிடங்கில். கம்பெனியின் பட்டியலிலிருந்து சில பொருட்களைத் தேர்ந்தெடுத்து அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. அலமாரியிலிருந்து சிலவற்றை எடுத்து அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்ப்பது மறுபாதி. முதலாவது, இல்லாத சரக்கைக் கணக்கில் காட்டியிருந்தால் பிடிக்கும். இரண்டாவது, இருக்கும் சரக்கு விட்டுப்போயிருந்தால் பிடிக்கும். கடைசியாக வெளியே போன லாரியின் சீட்டு எண்ணையும் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்த விற்பனை சரியான வருடத்தில்தான் ஏறியிருக்கிறதா என்று பிறகு அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆடிட் பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. எங்கள் டாக்ஸ் பக்கம் தனிநபர் ரிட்டர்ன் பார்ப்பவர்களுக்கு ஜனவரி 31 கெடு.

எதை எடுக்கலாம் என்று கேட்டால், ஊர் சுற்றவும் பலவிதத் தொழில்களை உள்ளே நுழைந்து பார்க்கவும் பிடித்தால் ஆடிட். ஒரு விதியை உட்கார்ந்து துருவிப் படிக்கப் பிடித்தால் டாக்ஸ். ஆடிட்டிலிருந்து டாக்ஸுக்கோ, ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவுக்கோ மாறுவது சுலபம். டாக்ஸிலிருந்து ஆடிட்டுக்கு மாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆடிட்தான் என்று முடிவு செய்தால், அந்த அலுவலகத்தில் ஆடிட் வாடிக்கையாளர்கள் எவ்வளவு பேர் என்று விசாரிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 6 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு, சிறு கம்பெனி வரம்பை விற்றுமுதல் 1.5 கோடி பவுண்டு, சொத்து மதிப்பு 75 லட்சம் பவுண்டு என்று உயர்த்திவிட்டார்கள். இவற்றோடு 50 ஊழியர் என்ற மூன்றாவது வரம்பும் உண்டு. மூன்றில் இரண்டுக்குள் அடங்கும் கம்பெனிக்குப் பொதுவாகக் கட்டாய ஆடிட் கிடையாது. இதனால் சின்ன நிறுவனங்கள் சிலவற்றில் ஆடிட் வேலை குறைகிறது. டாக்ஸில் வேலைக்குப் பஞ்சமில்லை. சொந்தத் தொழில், வாடகை இரண்டும் சேர்ந்து 50,000 பவுண்டுக்கு மேல் வரவு உள்ளவர்கள் 2026 ஏப்ரலிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஜிட்டலாக விவரம் அனுப்ப வேண்டும். அதன் பாதிச் சுமை எங்கள் தலையில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வவுச்சர் (செலவுச் சீட்டு) சரிபார்ப்பது போன்ற அடிப்படை வேலைகளில் ஒரு பகுதியைப் பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலுள்ள தங்கள் மையங்களுக்கு அனுப்புகின்றன. மிச்சத்தில் கொஞ்சம் மென்பொருளே செய்கிறது. நாங்கள் ஆர்ட்டிகிள்ஸில் கைவலிக்கச் செய்து கற்ற வேலை அது. அதைச் செய்யாமலே அதைச் சரிபார்க்க வேண்டிய நிலை இன்றைய பிள்ளைகளுக்கு. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் சீனியர் இருக்கிறாரா என்பது பெயர்ப்பலகையைவிட முக்கியம். 'வாரத்தில் எத்தனை நாள் குழு முழுக்க அலுவலகத்தில் இருக்கும்?' என்று கேட்டாலே ஓரளவு தெரிந்துவிடும்.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது தேர்வுகளைப் பற்றி. பல நிறுவனங்களில் ஒரே தாளில் இரண்டு முறை தவறினால் வேலையே போகலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். கல்லூரித் தோழிகள் வெள்ளிக்கிழமை இரவு வெளியே போகும்போது இவள் வேலை முடிந்து வந்து கேள்வித்தாள் போட்டுக்கொண்டிருப்பாள். அந்த வயதில் அது தனிமையாக இருக்கும். தோற்று வெளியேறியவர்களில் கணக்கு வராதவர்களைவிட, யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தவர்களே அதிகம். வீட்டிலிருந்து போகும் பிள்ளை என்றால், தேர்வுக்கு முந்தின மாதம் கல்யாணம், பிறந்தநாள் என்று அவளை இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

டிகிரி விஷயம். இங்கிலாந்தில் 'அக்கவுண்டன்ட்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். 'சார்ட்டர்ட்' என்று போட சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த உறுப்பினர் எண் கையில் இருக்கும் 23 வயதுப் பெண்ணிடம், எந்தப் பல்கலைக்கழகம் என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிற்காலத்தில் அமெரிக்கா போய் சி.பி.ஏ. (அங்கத்திய உரிமம் பெற்ற கணக்காளர்) ஆக வேண்டும், அல்லது சட்டம், ஆராய்ச்சி என்று தடம் மாற வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தால் பெரும்பாலும் டிகிரி தேவைப்படும். அந்த எண்ணம் பலமாக இருந்தால் பல்கலைக்கழகமே போகட்டும்.

தகுதி பற்றி ஒரு வரி: வேலை செய்யும் உரிமையும், பொதுவாக மூன்று வருடமாவது இங்கே முறைப்படி வசித்திருப்பதும் தேவை. நான் சொன்ன நிதி விதிகள் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி முறை உண்டு.

பெரிய நிறுவனங்கள் செப்டம்பர் வாக்கிலேயே அடுத்த வருடத்துக்கான விண்ணப்பங்களைத் திறந்துவிடும். இடம் நிரம்பியதும் கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் மூடிவிடுவார்கள், அதனால் கோடை விடுமுறையிலேயே தயாராகட்டும். கூடவே யூகாஸ் எனும் பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பத்தையும் ஜனவரிக் கெடுவுக்குள் போட்டுவைக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை. ஆகஸ்டில் மதிப்பெண் வரும்போது கையில் எந்த ஒப்பந்தம் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுத்தால் போதும். ஒப்பந்தம் வந்து ஏதாவது ஷரத்து புரியவில்லை என்றால், நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டு அந்த வரிகளை இங்கே கருத்தில் போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.