லினக்ஸில் விளையாடவும் சொந்தமாக கேம் எழுதவும் எந்த எஞ்சின், எந்தக் கணினி?

விண்டோஸை அடியோடு விட்டுவிட்டு லினக்ஸிலேயே கேம் விளையாட முடியுமா, அதே கணினியில் சிறிய கேம்களை எழுதிப் பழக எந்த எஞ்சின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) சரி, சென்னையில் எந்த மாதிரிக் கணினி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிழைப்பு அலுவலக மென்பொருள். கேம் எழுதுவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான பொழுதுபோக்கு. அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டு படியுங்கள்.

தனியாகக் கதை கேம்கள் விளையாடுகிறவர் என்றால் தாராளமாக முடியும். நண்பர்களோடு வேலோரண்ட் என்ற இணையச் சுடும் கேமை ஆடுவதற்காகவே கணினியைத் திறப்பவர் என்றால் முடியாது. இந்த இரண்டில் நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் கணினி விலையைப் பற்றிப் பேசுவதே வீண்.

2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானைச் சேர்த்தது. அதன் அடித்தளம் 1993 முதல் வளர்ந்துவரும் வைன். பலரும் நினைப்பதுபோல இது விண்டோஸ் கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் அல்ல. கேமின் நிரல் உங்கள் பிராசஸரில் நேரடியாகவே ஓடுகிறது. கோப்பைத் திறக்கவோ ஒலியை அனுப்பவோ அது விண்டோஸிடம் கேட்கும் இடங்களில் மட்டும் வைன் குறுக்கே நின்று அந்த வேலையை லினக்ஸிடமிருந்து வாங்கித் தருகிறது. படம் வரையும் விண்டோஸின் டைரக்ட்3டி கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றுவது டிஎக்ஸ்விகே. ஃபிலிப் ரெபோலே என்பவர் ‘நியர்: ஆட்டோமேட்டா’வை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்டுத் தொடங்கிய வேலை அது. ஒரு மனிதரின் விளையாட்டு ஆசையிலிருந்து இத்தனை பேருக்குப் பயன்படும் நிரல் பிறந்ததில் எனக்கு இன்றும் கொஞ்சம் பொறாமை உண்டு. திரெடுகள், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள், ஒன்றுக்கொன்று காத்திருக்கும் விண்டோஸ் முறையையே லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் கொண்டுவரும் என்டிசிங்க், 2025இல் வந்த 6.14 கர்னலில் முழுமையடைந்தது. இப்படி அடுக்கடுக்காக மெருகேறியதால், லினக்ஸுக்கென்றே வெளியிட்டுப் பிறகு கவனிக்காமல் விட்ட பழைய பதிப்பைவிட அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் ஒழுங்காக ஓடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே இன்றைக்கு மிச்சமிருக்கும் தடைகளில் பெரும்பாலானவை தொழில்நுட்பத் தடைகள் அல்ல; யாரோ ஒருவர் அனுமதி தராததால் வந்தவை. இணையக் கேம்களில் ஏமாற்றுவதைத் தடுக்கும் நிரல்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதலே புரோட்டானில் இயங்கும் வழியைத் திறந்துவிட்டன. ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது கேமை உருவாக்கிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 இறுதியில் ஏமாற்று வேலைகளைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். வேலோரண்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வான்கார்ட் விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே உட்காருவது, அதற்கு இங்கே இடமே இல்லை. எனவே உங்கள் கேம்கள் ஒவ்வொன்றையும், எந்தக் கேம் புரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று விளையாடியவர்களே பதியும் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள். அங்கே தங்கப் பதக்கமா வெள்ளிப் பதக்கமா என்பதைவிட அண்மையில் விளையாடியவர்கள் எழுதிய குறிப்புகளே முக்கியம்.

எஞ்சின் விஷயத்திலும் நான் பார்ப்பது இதே அனுமதிக் கணக்குத்தான். 2023 செப்டம்பரில் யூனிட்டி என்ற எஞ்சினை வெளியிடும் நிறுவனம், கேம் நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்தது. குடியேறி, ஆணியடித்துப் படம் மாட்டிய பிறகு வீட்டுக்காரர் வந்து வாடகை முறையை மாற்றுவதைப் போன்ற வேலை. அடுத்த ஆண்டே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள் என்றாலும் பலர் கோடோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கோடோ 2014இல், யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் வெளியான திறமூல எஞ்சின். பதிவிறக்கினால் ஒரே கோப்பு. நிறுவ வேண்டியதுகூட இல்லை. அன்ரியல் அழகுதான், ஆனால் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாதாரணக் கணினியைத் திணற வைக்கும் எஞ்சினோடு மாரடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கோடோவை நான் பரிந்துரைக்க இன்னொரு காரணம் தமிழ். ‘கொக்கு’ என்று எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். கணினிக்குள் அது க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் ஒற்றைக் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். கடைசி இரண்டும் சேர்ந்து ‘கு’ என்ற ஒரே வடிவம் ஆக வேண்டும். இந்தச் சேர்க்கையைச் செய்ய ஹார்ஃபஸ் போன்ற ஒரு நிரலகம் தேவை. கோடோ 3இல் அது கிடையாது. கொம்பும் காலும் இடம் மாறி, உகரக் குறி தனியே தொங்கி, பார்க்கச் சகிக்காது. 2023 மார்ச்சில் வந்த 4.0 ஹார்ஃபஸைச் சேர்த்துக்கொண்டது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் புராஜெக்டில் போட்டுவிட்டால் எழுத்துகள் சரியாக விழுகின்றன. யூனிட்டியில் வழக்கமாகப் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோவும், எனக்கு மிகவும் பிடித்த ரேலிப் என்ற கேம் நிரலகமும் இந்த வேலையைத் தாமாகச் செய்வதில்லை.

வடிவம் சரியாகிவிட்டாலும் எண்ணிக்கை உதைக்கும். எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ஒரு கேமை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கொக்கு’வின் நீளம் என்ன என்று கோடோவின் நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்டிடம் கேட்டால் 6 என்கிறது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். துணைக்குறியையும் புள்ளியையும் முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டி எண்ணும் ஃபங்ஷனை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும். ‘க்ஷ’வையும் ‘ஸ்ரீ’யையும் என்ன செய்வது என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது.

லினக்ஸில் எழுதுவதில் சொல்லப்படாத ஒரு வசதி உண்டு. விண்டோஸில் ‘Player.png’ என்று சேமித்த படத்தை நிரலில் சிறிய எழுத்தில் அழைத்தாலும் திறந்துவிடும், லினக்ஸில் திறக்காது. எரிச்சல்தான், ஆனால் அந்தப் பிழை உங்கள் மேசையிலேயே பிடிபடுகிறது. விண்டோஸிலேயே எழுதிக் கடைசி நாளில் லினக்ஸ் பதிப்பை வெளியிடுகிறவர்களுக்கு அதை விளையாடுகிறவர்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

இனிக் கணினி. ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு வாங்குங்கள். அதன் திறமூல டிரைவர் கர்னலிலும் மெசா என்ற கிராஃபிக்ஸ் நிரலகத்திலும் கூடவே வருகிறது. தனியாக எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. என்விடியாவும் முன்பைவிட எவ்வளவோ திருந்திவிட்டது, 2022இல் கர்னல் பகுதியின் மூல நிரலைத் திறந்தும் விட்டது. ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 என்ற விண்டோஸ் கிராஃபிக்ஸ் முறையில் எழுதிய பல கேம்களில் இன்னும் விண்டோஸ் வேகம் வருவதில்லை. உங்களிடம் ஏற்கெனவே என்விடியா இருந்தால் விற்க வேண்டாம்; புதிதாக வாங்குகிறவருக்குச் சொல்கிறேன். ஏஎம்டியிலும் ஒரு முள் இருக்கிறது. திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ 2.1 வசதியைத் திறமூல டிரைவரில் சேர்க்க அந்தத் தரத்தை நிர்வகிக்கும் அமைப்பு 2024இல் மறுத்துவிட்டது. பெரிய 4கே திரையில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும் மானிட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

பணம் இடித்தால் தனி கார்டே வேண்டாம். ரைசன் 5 8600ஜி போன்ற, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸர் கோடோவுக்கும் பழைய கேம்களுக்கும் போதும். அதற்கு ரேமை ஒற்றைக் குச்சியாக வாங்காமல் இரண்டு குச்சிகளாகப் போடுங்கள். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, ஒற்றைக் குச்சியில் அதன் மூச்சு பாதியாகிவிடும். ஸ்டீம் டெக் மேல் கண் இருந்தால், வால்வ் அதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை என்பதை மனதில் வையுங்கள். இங்கே கிடைப்பவை வெளியிலிருந்து கொண்டுவந்தவை, பழுதானால் செலவு உங்களுடையது.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பழைய கார்டு மலிவாகக் கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னாணயம், கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு, மாதக்கணக்கில் இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. கடையிலேயே செருகி, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தையும் வெப்பநிலையையும் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். சீரியல் எண் எழுதிய பில்லும் அவசியம்.

மே மாதத்துச் சென்னையில், ஏசி இல்லாத மாடி அறையில், எந்த யூடியூப் ஒப்பீடும் உதவாது. அறையே 36 டிகிரியில் இருக்கும்போது கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடியா வலையா என்றால் வலை. ஃபிரேம் வேகத்தை 60க்குள் கட்டிவைத்தால் சூடும் குறையும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணமும் மேல் படிக்கு ஏறாது. 600 விஏ என்று எழுதிய சாதாரண யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது மின்சாரம் போனால் கணினியும் கூடவே அணையும். குறைந்தது 1,000 விஏவாகப் பாருங்கள்.

எந்த லினக்ஸ் என்று கேட்பீர்கள்: புதிய கார்டு என்றால் ஃபெடோரா, ஏனென்றால் கர்னலும் மெசாவும் சீக்கிரம் புதுப்பிக்கப்படுகின்றன. பழைய கணினி என்றால் மின்ட். வாங்க நினைக்கும் பாகங்களின் பட்டியலையும் நீங்கள் விடாமல் ஆடும் கேம்களின் பெயர்களையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எது ஒத்துவராது என்று பார்த்துச் சொல்கிறேன்.