ஸ்கேன் படத்தை வைத்து எலும்பு முறியும் அபாயத்தைக் கம்ப்யூட்டர் எப்படிக் கணிக்கிறது?

சி.டி. ஸ்கேனில் கிடைக்கும் எலும்பின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, அதன்மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பதுதான் இந்த முறை. படத்தில் வெளுப்பாகத் தெரியும் இடம் அடர்த்தியானது. அந்தக் கட்டங்களுக்கு அதிக உறுதி கொடுப்பார்கள். மங்கலான இடத்துக்குக் குறைவு. அப்புறம் பக்கவாட்டில் விழுந்து இடுப்பு தரையில் மோதுவதுபோல் விசையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எத்தனை நியூட்டனில் (விசையின் அலகு) தொடை எலும்பின் கழுத்து முறிகிறது என்பதே விடை.

எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் வழக்கமான டெக்ஸா பரிசோதனை போதாதா? அது தட்டையான படம். டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்று சொல்லும், சரி. ஆனால் அதற்கு மேலே இருப்பவர்களுக்கும் நிறையவே முறிகிறது. எலும்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரே எடையுள்ள இரண்டு மர நாற்காலிகளில், கால் சேரும் இடத்தில் மெலிந்ததுதான் முதலில் உடையும். தராசில் அது தெரியாது.

வேறு நோய்க்காக ஏற்கெனவே எடுத்த, இடுப்பும் சேர்ந்து பதிவான வயிற்று சி.டி.யே பல சமயம் போதும் என்பது இதில் பெரிய வசதி.

எலும்பு எப்போது உடையும் என்று இது சொல்லிவிடும் எனப் பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு தாங்கும் என்று மட்டுமே சொல்லும், விழுவதும் விழாததும் பார்வை, தள்ளாட்டம், தூக்க மாத்திரை போன்றவற்றைப் பொறுத்தது.